வெங்கடசாமியின் பம்ப் பழுதாகவே இருக்க வேண்டியதன் அவசியம்

காற்று எல்லோருக்கும் பொது என்றுதான் லம்பாசா என்ற தீவு ஊரின் மக்கள் நெடுங்காலமாக நம்பிவந்தார்கள். அதையே ஒரு குழாய்க்குள் அடைத்து அழுத்தினால் அது அரசாங்கத்தின் மேலான கவனத்துக்கு உரியதாகிவிடும் என்பது 1988ஆம் ஆண்டு மார்ச் மாதம்தான் தெரியவந்தது. அதை முதலில் தெரிந்துகொண்ட பாக்கியசாலி வெங்கடசாமி.

வெங்கடசாமிக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் காய்கறித் தோட்டம். தினமும் காலையில் வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் இரண்டு கூடைகளில் கட்டி, சைக்கிளில் நாலு மைல் மிதித்து டவுனிலுள்ள நசியா மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். அங்கே வாசல் பக்கம் மரநிழலில் ஒரு இடம் உண்டு. முதலில் வருபவருக்கு அது. பிந்தி வந்தால் வெயிலில்தான் உட்கார வேண்டும். வெயிலில் வைத்த வெண்டைக்காய் அரை மணியில் துவண்டுவிடும். நசியாப் பெண்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். டக்கென்று ஒடியாவிட்டால், காயை வைத்துவிட்டு விற்பவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

சைக்கிளின் பின்பக்க ட்யூபில் பதினொரு ஒட்டு. புதிது வாங்கலாம் என்றால், ட்யூப் தருவித்துக்கொண்டிருந்த கடைக்காரர் ஆக்லாந்துக்குப் போய்விட்டார். ஆகவே காலையில் காற்றடித்தால்தான் வண்டி ஓடும். அடிப்பதற்கு ஒரு பழைய தரைப் பம்ப் இருந்தது. பித்தளைக் குழல், மரப்பிடி, காலால் மிதித்துக்கொள்ள அடியில் இரண்டு இரும்புக் காது. அந்தப் பம்ப் ஒரு நாள் காற்றுத் தருவதை நிறுத்திவிட்டுப் பெருமூச்சு மட்டும் விடத் தொடங்கியது. வெங்கடசாமி அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, நசியா நடைபாதையில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் நபியிடம் போனார்.

நபி பிடியை உருவி, தண்டின் அடியிலிருந்த தோல் வாஷரை எடுத்துக் காட்டினார். அது அப்பளம்போல் காய்ந்திருந்தது.

"ஒண்ணுமில்ல சாமிண்ணே. தேங்காயெண்ணெயில ஊறப்போட்டு, விளிம்பக் கட்டவெரலால விரிச்சு வுட்டா சரியாப் போவும். பத்து நிமிஷம். அதுவரைக்கும் குந்துங்க."

வெங்கடசாமி உட்கார்ந்தார். அந்தப் பத்து நிமிடம் ஒன்றரை வருடம் நீடித்தது.

அதற்கு முந்தின வருடம் நாட்டில் மே மாதம் ஒரு ராணுவப் புரட்சி நடந்திருந்தது. அது மனசுக்குத் திருப்தியாக வரவில்லையோ என்னவோ, செப்டம்பரில் இன்னொன்றும் நடத்தினார்கள். அதன் பிறகு அரசாங்கத்துக்குப் பாராளுமன்றம் என்கிற தொந்தரவு கிடையாது. தோன்றியதெல்லாம் ஆணை. தலைநகர் சுவாவில் யாரோ ஒரு பெரிய அதிகாரிக்கு ஒரு நாள் தோன்றியது, அழுத்தக் காற்றுக் கருவிகள் ஆணை. எந்தக் கருவி காற்றை அழுத்தினாலும் அதைச் சான்றிதழ் பெற்ற வல்லுநர் மட்டுமே பழுது நீக்க வேண்டும். ஊரில் இருந்த ஒரே கராஜின் காற்று இயந்திரத்துக்கு அன்று காலையில்தான் அரக்கு முத்திரை வைத்தார்கள். வைத்துவிட்டு நேராக நபியின் நடைபாதைக்கு வந்தார் வட்டார அலுவலர் கமலேஷ். அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, அக்குளில் கோப்பு. அவர் சாதாரணமாக ஹிந்தியில் பேசுவார். ஆணையைப் பற்றிப் பேசும்போது மட்டும் இங்கிலீஷுக்கு ஏறிவிடுவார். இரண்டையும் இங்கே தமிழில் தருகிறோம்.

"உங்களிடம் சான்றிதழ் இருக்கிறதா?" என்றார் நபியைப் பார்த்து.

"முப்பது வருசமா இதே வேலதான் சார் பாக்குறேன்."

"அப்படியானால் முப்பது வருடமாகச் சட்டவிரோதம்."

"ஆணை இன்னிக்குத்தானே சார் வந்துச்சு?" என்றார் வெங்கடசாமி.

"அது உங்கள் அதிர்ஷ்டம்," என்றார் கமலேஷ்.

ஆனால் கமலேஷ் கெட்டவர் அல்ல. ஆணைக்கென்று அலுவலகம் திறந்த முதல் நாளே ஒரு சான்றிதழாவது வழங்கியதாக சுவாவுக்குத் தகவல் அனுப்பினால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அங்கேயே தேர்வு வைத்தார். நபி வாஷரை எண்ணெயில் போட்டார், விரித்தார், பூட்டினார், அடித்துக் காட்டினார். பம்ப் சீறியது. கமலேஷ் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். 'அழுத்தக் காற்றுக் கருவி வல்லுநர், முதல் நிலை' ஆகிவிட்டார் நபி.

வெங்கடசாமி பம்பை எடுக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீர்கள்," என்றார் கமலேஷ். "தேர்வுப் பொருளைத் தேர்வுக்கு முன்பிருந்த நிலையில்தான் திருப்ப வேண்டும். விதி ஆறு."

"முன்னாடி அது ரிப்பேரால்ல இருந்துச்சு?"

"அதைத்தான் சொல்கிறேன்."

வாஷர் கழற்றப்பட்டது. துடைத்து, வெயிலில் காயவைக்கப்பட்டது. பிறகு பம்ப் முறைப்படி பழுதாக்கப்பட்டது. பழுதான அழுத்தக் கருவியைச் சான்றிதழ் இல்லாத ஆள் கையில் வைத்திருக்கக் கூடாது என்று விதி ஏழு சொன்னதால், அது அலுவலகத்துக்குப் போயிற்று.

மறுநாள் வெங்கடசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மரநிழலில் டாலோக் கிழங்கு விற்கும் செமி உட்கார்ந்திருந்தார். "சாமி, வெயிலோட சேர்ந்து வர்றியே," என்று சிரித்தார். அன்றைக்கு வெண்டைக்காயில் பாதி ஒடியவில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் நபியின் மகள் அஃப்சானா. குடும்பத்தோடு வெளிநாடு போக அவள் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் போட்டிருந்தாள். அந்த நாட்டின் பெயர் இங்கே வேண்டாம். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே விண்ணப்பம் நிலுவையில் இருக்கும். விண்ணப்பத்தோடு அப்பாவின் புதுச் சான்றிதழையும் சும்மா ஒரு நகல் எடுத்து அனுப்பினாள். அந்த நாட்டில் அழுத்தக் காற்றுக் கருவி வல்லுநர்களுக்குக் கடும் பஞ்சமாம். மூன்றாவது மாதம் நபி குடும்பம் விமானம் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு லம்பாசாவில் ஒரு நாகரிகம் பரவியது. ஏற்கெனவே ஊரில் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பது போய், 'விசா வந்துடுச்சா?' என்று கேட்பதுதான் மரியாதையாக இருந்தது. இப்போது 'பம்ப் முடிச்சாச்சா?' என்பதும் சேர்ந்துகொண்டது. பேங்க் மேனேஜர் விண்ணப்பித்தார். ஹெட்மாஸ்டர் விண்ணப்பித்தார். கோயில் கமிட்டியில் தலைவரிலிருந்து பொருளாளர்வரை எல்லோரும் விண்ணப்பித்தார்கள். அந்த வருடத்துத் தீமிதிக்கு அழைப்பிதழ் எழுத ஆள் கிடைக்கவில்லை. பம்ப் ட்யூஷன் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் பம்ப் கிடையாது, கரும்பலகையில் படம் மட்டும். வாஷர், எண்ணெய், கட்டைவிரல் என்று அறுபது பேர் கோரஸாகச் சொல்லிப் பழகினார்கள். குளிர்நாட்டுக்குத் தயாராக வேண்டும் என்று கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு மதிய வெயிலில் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதைப் பார்த்த மற்றவர்களுக்கு, அந்தக் கோட்டு எங்கே கிடைத்தது என்று கேட்கத்தான் தோன்றியது.

தேர்வுக்கு வேறு பம்ப் வைத்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வெங்கடசாமிக்கும் தோன்றியது. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார்.

கமலேஷ் அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பரிவாக விளக்கினார். "முதல் சான்றிதழில் கருவியின் விவரம் எழுதியிருக்கிறோம். பித்தளைக் குழல், மரப்பிடி, உடைமையாளர் வெங்கடசாமி. அதை வெளிநாடு ஏற்றுக்கொண்டது. இரண்டாவது பம்பைக் காட்டினால் அவர்களுக்குச் சந்தேகம் வராதா? நம் ஜனங்களின் எதிர்காலத்தோடு விளையாடச் சொல்கிறீர்களா?"

"எனக்குக் காத்து அடிக்கணும் சார். அவ்ளோதான்."

"தாராளமாக. பம்ப் நல்ல நிலையில் இருக்கும்போது திரும்பக் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். மூன்று வேலை நாளில் தந்துவிடுவோம்."

"நல்ல நெலமையில எப்ப சார் இருக்கும்?"

"ஒவ்வொரு தேர்வும் முடிந்த பிறகு. ஐந்து நிமிடம் இருக்கும்."

அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின் பம்பைப் பழுதாக்குவதற்கென்றே ராஜேந்திரா என்பவர் நியமிக்கப்பட்டிருந்தார். பதவியின் பெயர் பழுதாக்கும் அலுவலர், மூன்றாம் தரம். கடமையில் கண்ணானவர். வாஷரைக் கழற்றி, சோப்புப் போட்டு எண்ணெயை நீக்கி, அலுவலகத்தின் தகரக் கூரையில் காயப்போடுவார். டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. வாஷர் காயவே இல்லை. 'தவிர்க்க முடியாத மழை காரணமாகப் பழுது ஒத்திவைக்கப்படுகிறது' என்று வாசலில் அறிவிப்புத் தொங்கியது. கோட்டுப் போட்ட கூட்டம் குடையோடு வந்து கூச்சல் போட்டது. கடைசியில் பேக்கரிக்காரரின் அடுப்பில், ரொட்டி எடுத்த பிறகு, வாஷரை வைத்து எடுக்க ஏற்பாடாயிற்று. பேக்கரிக்காரர் அதற்குப் பதிலாக வரிசையில் முன்னுக்கு வந்து, ஏப்ரலில் போய்விட்டார். லம்பாசாவுக்கு ரொட்டியும் போயிற்று.

நூறு தடவை காய்ந்து நூறு தடவை ஊறிய வாஷர் ஒரு நாள் பிய்ந்துவிட்டது. 'பழுதான வாஷர், இரண்டு, அவசரம்' என்று சுவாவுக்கு எழுதினார்கள். சுவாவிலிருந்து புத்தம் புதிய வாஷர் இரண்டு வந்தன. கூடவே ஒரு குறிப்பு: 'உள்ளூரிலேயே பழுதாக்கிக்கொள்ளவும்.'

இவ்வளவு நாளும் வெங்கடசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனார்; பம்ப் வைத்திருந்த மற்றவர்கள் ஆணைக்குப் பயந்து அதை வெளியே எடுப்பதில்லை. வெண்டைக்காய் ஒடியவில்லை. வீட்டில் அவர் மனைவி கமலா துவண்டு திரும்பிய வெண்டைக்காயைக் காலையில் பொரித்து, மதியம் குழம்பு வைத்து, மறுநாள் வற்றல் போட்டாள். பிறகு ஒரு நாள் பொறுமை இழந்தாள்.

"ஊரே நம்ம பம்ப்ல ஏறிப் பறக்குது. நாம மட்டும் வண்டியத் தள்ளிக்கினு கெடக்கோம். ஏங்க, நீங்க ஏன் அந்தப் பரிச்சைய எழுதக் கூடாது?"

"எனக்கு எங்கியும் போவ வேணாம் கமலா."

"போவச் சொன்னேனா? சர்ட்டிபிகேட்டு இருந்தா பம்ப் உங்க கையில இருக்கலாம்ல? அந்த ஏழாம் நம்பரு அதானே சொல்லுது?"

வெங்கடசாமி அப்படியே நின்றுவிட்டார். ஒன்றரை வருடமாக அலுவலகத்துக்கு நடந்தவருக்குத் தோன்றாதது, அடுப்பங்கரையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்குத் தோன்றியிருந்தது.

மறுநாளே படிவம் வாங்கினார். செல்ல விரும்பும் நாடு என்ற இடத்தில் 'நசியா மார்க்கெட்' என்று எழுதிக்கொடுத்தார்.

கமலேஷின் முகம் சுருங்கியது. "இது நாடு அல்ல."

"நான் போவ விரும்புறது அங்கதான் சார்."

"நாடு இல்லாமல் படிவம் நகராது. தேர்வின் நோக்கமே வெளியேறுவதுதான்."

"ஆணையில அப்படி இருக்குதா?"

ஆணையில் அப்படி இல்லை. கமலேஷ் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து அதிர்ச்சியடைந்தார். ஊரில் இருந்துகொண்டே ரிப்பேர் செய்வதற்காகத்தான் அந்த ஆணையே போட்டிருந்தார்கள். அந்த மாதிரி ஒரு விண்ணப்பம் அதுவரை வந்ததில்லை. டைப்பிஸ்ட் சரோஜ்தான் வழிகண்டாள். அவளுக்கு அடுத்த வாரம் விமானம். யாரோடும் மல்லுக்கட்ட நேரமில்லை. 'நசியா மார்க்கெட் (பரிசீலனையிலுள்ள நாடு)' என்று டைப் அடித்து நீட்டினாள். டைப் அடித்துவிட்டதால் கமலேஷ் கையெழுத்துப் போட்டார்.

தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலையில் பழுதாக்கும் அலுவலர் ராஜேந்திரா கடைசித் தடவையாக வாஷரைக் காயவைத்துப் பூட்டிக்கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் கைகுலுக்கி, கோட்டை மாட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார். அவரும் முந்தின வாரம் பாஸ் செய்துவிட்டிருந்தார். தேர்வில் அவருக்குக் கொஞ்சம் தடுமாற்றம் என்று கேள்வி; சரிசெய்து பழக்கமில்லை.

வெங்கடசாமி பம்பைக் கையில் வாங்கினார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. பித்தளையில் பச்சை பிடித்திருந்தது. மரப்பிடியில் நூற்றுக்கணக்கான கைகளின் பிசுக்கு. அவருக்குக் கண் கலங்கியது உண்மை. வாஷரை எடுத்து எண்ணெயில் போட்டு, ஒரு குழந்தையின் காதைத் தடவுவதுபோல் விளிம்பைத் தடவி விரித்தார். பூட்டினார். நின்று அடித்தார். சீறியது.

"தேர்ச்சி," என்றார் கமலேஷ். முத்திரை குத்தினார். பழக்கதோஷத்தில், "ராஜேந்திரா!" என்று கூப்பிட்டார்.

ராஜேந்திரா அப்போது கடலுக்கு மேலே எங்கேயோ இருந்தார்.

வெங்கடசாமி சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பம்பைத் தூக்கித் தோளில் போட்டார். "விதி ஏழு சார். சான்றிதழ் உள்ள ஆளு கையில வெச்சிக்கலாம்." வாசலில் நின்ற சைக்கிளுக்கு அங்கேயே காற்றடித்தார். டயர் கல்லாக நின்றது. ஏறி மிதித்துப் போய்விட்டார். அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் ஒருவர் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பியது அதுவே முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலையில் கமலேஷ் வெங்கடசாமியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளைக் காலுறையில் சேறு.

"ஒரு சின்ன உதவி. உங்கள் பம்பைக் கொஞ்சம் கெடுத்துத் தர வேண்டும்."

விஷயம் இதுதான். கமலேஷுக்கும் போக வேண்டும். ஆனால் தேர்வு வைக்கிற ஒரே அதிகாரி அவர்தான். தனக்குத் தானே தேர்வு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு சுவாவுக்கு எழுதி, பதினொரு மாதம் காத்திருந்தார். அனுமதி அந்த வாரம்தான் வந்திருந்தது. பழுதான பம்ப்தான் இல்லை.

"கெடுக்குறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லியே சார்," என்றார் வெங்கடசாமி, உண்மையான வருத்தத்தோடு. "நான் ரிப்பேர் பண்ற வல்லுநரு. கெடுக்குறதுக்குத் தனி ஆபீசர் வேணும். நீங்கதானே போட்டு வெச்சீங்க?"

"புதியவரை நியமிக்க சுவாவில் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் போய்விட்டார்."

"எங்க?"

"எங்கே போவார்? நம் சான்றிதழோடுதான்."

கமலா உள்ளேயிருந்து ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். கமலேஷ் குடித்தார். அவரைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. அவர் கோப்பைத் திறந்து, தானே கண்டுபிடித்த ஒரு வழியைக் காட்டினார். விதி பதினொன்று: பம்ப் தானாகவே இயற்கையாகப் பழுதானால், யாரும் கெடுக்க வேண்டியதில்லை, உடைமையாளர் அறிவித்தால் போதும்.

"நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சாமி. வாஷருக்கு எண்ணெய் விடாமல் இருங்கள். அவ்வளவுதான். நாலு வாரத்தில் தானாகக் காய்ந்துவிடும்."

"அச்சா, பாக்கலாம் சார்," என்றார் வெங்கடசாமி. நல்ல மனசோடுதான் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் அவர் மார்க்கெட்டில் இருந்தார். மரநிழல் அவருக்கு. வெண்டைக்காய் பனியோடு விறைப்பாக இருந்தது. தானே ஒன்றை ஒடித்துப் பார்த்தார். டக்கென்றது. ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. எட்டு மணிக்குப் பக்கத்தில் செமி வந்து டாலோவைக் கொட்டினார்.

"கூட்டம் எங்க செமி?"

செமி நாலுபக்கமும் பார்த்தார். "எந்தக் கூட்டம்? எல்லாரும் உன் பம்ப்ல போயிட்டாங்க, சாமி."

வெங்கடசாமி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பேங்க் மேனேஜர் வீட்டம்மா, ஹெட்மாஸ்டர் வீட்டம்மா, நபியின் மகள், டைப்பிஸ்ட் சரோஜ் என்று நுனி ஒடித்துப் பார்க்கிற ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். சைக்கிளைத் தள்ளிய காலத்தில், வாங்க ஆள் இருந்தது, காய் துவண்டது. இப்போது காய் துவளவில்லை, வாங்கத்தான் ஆள் இல்லை.

ஒன்பது மணிக்கு ஒருவர் பையோடு வந்தார். கமலேஷ். சமையல்காரி போய்விட்டதால் தானே வந்திருந்தார். வெண்டைக்காய் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, ஒரு கிலோ வாங்கினார். கத்தரிக்காயும் வாங்கினார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "எப்படி இருக்கிறது?" என்றார்.

"எது சார்?"

"பம்ப். காய ஆரம்பித்துவிட்டதா?"

வெங்கடசாமி அவரைப் பார்த்தார். அவர் பையைப் பார்த்தார். காலியாகக் கிடந்த மார்க்கெட்டைப் பார்த்தார்.

"இப்படி வாயால கேட்டா எப்படி சார்?" என்றார். "எழுத்து மூலமா குடுங்க."

கமலேஷ் மறுநாளே மூன்று நகலோடு கொண்டுவந்தார். கூடவே ஒன்றரைக் கிலோ வாங்கினார். அதற்கு மறுநாள் நினைவூட்டுக் கடிதம், முக்கால் கிலோ. வெங்கடசாமி எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கி, காற்றில் பறக்காமல் எடைக்கல்லுக்கு அடியில் வைத்தார். எந்த விண்ணப்பத்தையும் அவர் நிராகரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் வாஷருக்கு எண்ணெய் விட்டார்.